காலையில் தோட்டம், உச்சிவெயிலில் கல் கூடம்: களக்காட்டுப் பக்கம் குடும்பத்தோடு ஒரு நாள்

திருநெல்வேலிச் சீமையில் குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே போவதென்றால், முதலில் யோசிக்க வேண்டியது உச்சி நேரத்தில் எல்லாரும் எந்தக் கூரைக்கு அடியில் இருப்போம் என்பதைத்தான். எந்த ஊர், என்ன பார்க்கலாம் என்பதெல்லாம் அதற்கு அப்புறம். தை மாதம்தானே, வெயில் என்ன செய்துவிடும் என்று சென்னைக்காரர்கள் கேட்பார்கள். நம் ஊரில் தை மாதத்து விடியற்காலைக்குத்தான் குளிர் உண்டு. பதினொன்றரை மணிக்கு வாய்க்கால் வரப்பில் நின்று பார்த்தால் தெரியும்.

பொங்கலுக்குச் சென்னையிலிருந்து வந்த கொழுந்தன் குடும்பத்தை எங்கே கூட்டிப் போவது என்ற பேச்சு மார்கழியிலேயே தொடங்கிவிட்டது. அவர் மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். ஏதோ ஒரு வெளிநாட்டில் ஆளுயரக் கல்லுக்குள் ஊதா நிறத்தில் மின்னும் கிறிஸ்டல் கூடத்தையும் அதை ஒட்டிய பண்ணையையும் வீடியோவில் பார்த்துவிட்டு, "பெரியம்மா, இது மாதிரி நம்ம ஊர்ல இருக்கா?" என்று கேட்டாள். இருக்கிறது என்றுதான் சொன்னேன். களக்காட்டுக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், மலையடிவாரத்தில் எங்களுக்குத் தெரிந்த ஓர் அண்ணாச்சியின் தோட்டம் இருக்கிறது. குவாரி, சுரங்கம் என்று பல மாநிலங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். போன இடமெல்லாம் சேர்த்த கற்களைத் தோட்டத்தில் இருக்கும் பழைய நெல் கிட்டங்கியில் அடுக்கி வைத்திருக்கிறார். தெரிந்தவர்கள் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வந்தால் திறந்து காட்டுவார். கூட்டம் சேர்வது அவருக்குப் பிடிக்காது என்பதால் இடத்தின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஆனால் ஒரு தோட்டமும் ஒரு கூடமும் சேர்ந்த எந்த இடத்துக்குப் போனாலும் கீழே சொல்வது பொருந்தும்.

எங்கள் கூட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். எழுபதைத் தாண்டிய அத்தை, முட்டுவலியும் சுகரும் உண்டு. நானும் கணவரும், எங்கள் மகனும் மகளும். கொழுந்தன், ஓரகத்தி, அந்த எட்டாம் வகுப்புப் பெண், அப்புறம் இப்போதுதான் நடை பழகுகிற அவர்களுடைய சின்னவன். இப்படி ஒரு கூட்டத்தில் அன்றைய நாளை உண்மையில் நடத்துகிறவர்கள் அத்தையும் அந்தச் சின்னவனும்தான். அவர்கள் இரண்டு பேரும் எப்போது சாப்பிட வேண்டும், எப்போது படுக்க வேண்டும் என்பதை முதலில் எழுதிவிட்டால் மற்றதெல்லாம் தானாக அந்த இடைவெளிகளில் உட்கார்ந்துகொள்ளும்.

எந்த மாதம் போவது என்பதற்கு ஒரு வார்த்தை. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி முதல் பாதி வேண்டாம், வடகிழக்குப் பருவமழை. 2023 டிசம்பர் வெள்ளத்தைப் பார்த்த பிறகு இந்தப் பக்கத்து ஆள் யாரும் அந்த நாட்களில் மலையடிவாரத்துக்குத் திட்டம் போடமாட்டார்கள். சித்திரை, வைகாசியில் குளம் வற்றி, வயல் தரிசாகக் கிடக்கும், பிள்ளைகளுக்குப் பார்க்க ஒன்றும் இருக்காது. ஆனி, ஆடியில் மேற்கே சாரல் நன்றாக இருக்கும், காற்றும் அப்படி அடிக்கும். தை பிறந்து மாசி முடியும்வரை உள்ள நாட்கள்தான் தோட்டத்துக்கு ஏற்றவை. குளம் நிறைந்திருக்கும், பிசான நெல் கதிர் பிடித்து நிற்கும், மலை பச்சையாக இருக்கும். காணும் பொங்கல் அன்று மட்டும் எங்கேயும் கிளம்பாதீர்கள். ஆற்றங்கரை, அணைக்கட்டு, அருவி எல்லா இடத்திலும் தலைதான் தெரியும். நாங்கள் அதற்கு அடுத்து வந்த சனிக்கிழமையை வைத்துக்கொண்டோம்.

போவதற்கு முன் அண்ணாச்சியிடம் போனில் கேட்டதில் பாதி கழிவறையைப் பற்றி. மேலைநாட்டு மாடல் இருக்கிறதா, தோட்டத்திலிருந்து எவ்வளவு தூரம், போகும் வழியில் படி உண்டா, பிடித்துக்கொள்ளக் கம்பி உண்டா. கேட்க ஒரு மாதிரி இருக்கும், ஆனாலும் கேளுங்கள். முட்டுவலிக்காரர்கள் இதை நினைத்தே காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பார்கள், மதியம் தலைசுற்றுகிறது என்பார்கள். அதற்கு அடுத்த கேள்வி கிணறு. நம் பக்கத்துத் தோட்டக் கிணறுகள் அகலமானவை, பலவற்றில் சுற்றுச்சுவர் முழங்கால் உயரம்கூட இருக்காது. "கிணத்துக்கு வலை போட்டிருக்கேன், பம்ப்செட் தொட்டி மட்டும் திறந்துதான் இருக்கும்" என்றார். அதனால் வீட்டிலேயே பிரித்துக்கொண்டோம்: சின்னவன் ஓரகத்தி பொறுப்பு, என் மகள் என் பொறுப்பு, மகன் அவன் சித்தப்பா பொறுப்பு. எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால் யாருமே பார்க்கமாட்டார்கள்.

வேன் பேசும்போது கிலோமீட்டர் கணக்கா, நாள் வாடகையா, டிரைவர் பேட்டா அதில் அடங்குமா என்று தெளிவாகக் கேட்டு, முடிந்தால் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். டிரைவருக்கும் சேர்த்தே சாப்பாட்டுக் கணக்குச் சொல்லுங்கள். வேன் நம்முடையதில்லை என்பதால் அவர் மரத்தடியில் பட்டினியாகக் கிடக்க வேண்டும் என்றில்லை.

கிளம்பிய நேரம் விடிவதற்குள். இதற்கு வீட்டில் எதிர்ப்பு இருந்தது. "லீவுக்கு வந்திருக்கோம் மதினி, கொஞ்சம் தூங்கிட்டுப் பத்து மணிக்குப் போனா என்ன?" என்றாள் ஓரகத்தி. பத்து மணிக்குக் கிளம்பினால் தோட்டத்தில் கால் வைக்கும்போது பதினொன்றரை. ஆடு மாடு எல்லாம் நிழல் தேடிப் படுத்திருக்கும், பிள்ளைகள் முகம் சிவந்து எரிச்சலில் இருப்பார்கள். அப்புறம் அந்த நேரத்துக்கு என்று வைத்திருக்கும் குளிர்ந்த கூடத்தை மாலையில் பார்க்க வேண்டி வரும், எல்லாரும் களைத்துப்போன நேரத்தில். எனவே தோட்டம் காலையில், கூடம் உச்சியில், கோயில் மாலையில். இந்த வரிசையை மாற்ற நான் சம்மதிக்கவில்லை.

நாகர்கோவில் ரோட்டில் நாங்குநேரி வரை போய் மேற்கே திரும்பினோம். காலை டிபன் வீட்டிலிருந்தே. மிளகாய்ப்பொடியும் நல்லெண்ணெயும் தடவி வாழை இலையில் கட்டிய இட்லி, சின்னவனுக்கு மட்டும் சீனி தொட்டது. சட்னி, சாம்பார் எடுத்துப் போகாதீர்கள், வேனில் கொட்டினால் நாள் முழுக்க அந்த வாடைதான்.

தோட்டத்தில் இறங்கியதும் பிள்ளைகள் ஓடியது ஆட்டுக் கொட்டிலுக்கு. கன்னி ஆடுகள். கன்னங்கரேலென்ற உடம்பில் முகத்தின் இரண்டு பக்கமும் மேலிருந்து கீழாக வெள்ளைக் கோடு ஓடும். காதோரம், வயிறு, கால் உள்பக்கமும் வெள்ளை. அதைப் பால்கன்னி என்பார்கள். கோடு செம்மண் நிறத்தில் இருந்தால் செங்கன்னி. தூத்துக்குடி, விருதுநகர், நம் மாவட்டம் ஆகிய பக்கங்களின் சொந்த இனம் இது. ஒரு குட்டியைப் பிடித்துக் கொடுத்தபோது என் மகள் பயந்து பின்வாங்கினாள். அங்கே வேலை செய்யும் அக்கா, "நீ அதைப் பிடிக்காத தாயி, கையில எலையை வச்சுக்கிட்டு சும்மா உக்காரு, அதுவா வரும்" என்றார். அகத்திக் கொப்பு ஒன்றை வைத்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தாள். குட்டி வந்தது. முதலில் இலை, அடுத்து பாவாடை நாடா. அரை மணி நேரம் அவளை அங்கிருந்து கிளப்ப முடியவில்லை, நானும் கிளப்பவில்லை. பண்ணைக்குப் போனால் எல்லா விலங்கையும் பார்த்து முடிக்க வேண்டும் என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடும் பெற்றோரைப் பார்த்திருக்கிறேன். வான்கோழியை விட்டுவிட்டால் ஒன்றும் குடி முழுகிப்போகாது.

கைகழுவும் விஷயத்தில் மட்டும் கறாராக இருங்கள். கொட்டிலை விட்டு வெளியே வந்ததும் சோப்புப் போட்டு. சானிடைசர் போதாது, கையில் சாணமும் மண்ணும் ஒட்டியிருக்கும்போது அது சரியாக வேலை செய்யாது. சோப்பை நாமே எடுத்துப் போவது நல்லது.

உடுப்பு. இந்தப் பக்கம் வாழை அதிகம், ஏத்தன் வாழைத் தோப்புக்குள் நடக்காமல் திரும்ப முடியாது. வாழைக்கறை பட்டால் துணியை அத்தோடு மறந்துவிட வேண்டியதுதான். எந்த விளம்பரத்துச் சோப்பும் அதை எடுக்காது. பொங்கலுக்கு எடுத்த புதுச்சட்டையைப் போட்டுக்கொண்டு போட்டோ எடுக்கலாம் என்ற ஆசை கொழுந்தனுக்கு இருந்தது. அத்தைதான் பழைய சட்டையைக் கொடுத்து மாற்றச் சொன்னார். காலுக்குச் செருப்பை விட ஷூ நல்லது. வரப்போரம் நெருஞ்சி கிடக்கும், வேலியோரம் கருவேல முள். வரப்பில் புல் மறைத்த இடத்தில் பெரியவர் ஒருவர் கம்போடு முன்னால் தட்டிக்கொண்டே போக, பிள்ளைகள் பின்னால். இது நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, வெளியூர்ப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும்.

பம்ப்செட் குளியலை ஒன்பதரைக்கு வைத்திருந்தோம். அதற்கு முன்னால் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், அதற்குப் பின்னால் வெயில் ஏறிவிடும். துண்டு, மாற்றுத்துணி, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் வாளி. பை வேண்டாம், வாளிதான் வசதி, ஒழுகாது, உட்காரவும் உதவும். குளித்து முடித்த பசிக்கு அவித்த பனங்கிழங்கு இருந்தது. மஞ்சளும் உப்பும் போட்டு அவித்தது. சென்னைப் பெண் அதைத் தோலோடு கடிக்கப் போனாள். நார் உரித்து, இரண்டாகப் பிளந்து, நடுவில் இருக்கும் குருத்தை எடுத்துவிட்டுத் தின்ன அத்தை சொல்லிக்கொடுத்தார். பொங்கலை ஒட்டிய நாட்களில்தான் இது நிறையக் கிடைக்கும். நுங்கும் பதநீரும் வேண்டுமென்றால் கோடையில்தான் வர வேண்டும்.

பதினொரு மணிக்குக் கிட்டங்கிக்குள் போனோம். பழங்காலச் சுவர், ஒன்றரை முழம் கனம், மேலே சின்னச் சின்ன சாளரம். நெல் வேகாமல் இருக்கக் கட்டியது, கற்களுக்கும் அது தோதாகிவிட்டது. சில கற்கள் தொடர்ந்து வெயில் பட்டால் நிறம் வெளுக்கும், குறிப்பாக அந்த ஊதாக் கல், அமெதிஸ்ட். அதுவும் குவார்ட்ஸ்தான், ஸ்படிகத்தின் உடன்பிறப்பு. உள்ளே துளி இரும்பு கலந்து, பூமிக்கடியில் இயற்கைக் கதிர்வீச்சும் பட்டதால் ஊதா நிறம் வந்தது. வீடியோவில் பார்த்த ஆளுயரக் கல் அங்கே இல்லை, கைக்கு அடங்குகிற துண்டுதான் இருந்தது. பெண்ணின் முகம் கொஞ்சம் வாடியது. அது அதிக நேரம் நீடிக்கவில்லை.

அண்ணாச்சி முதலில் எடுத்தது கண்ணாடி போலத் தெளிந்த, சாய்ந்த கட்டமாக உடைந்த, கால்சைட் என்ற கனிமத்தின் துண்டு ஒன்று. அன்றைய செய்தித்தாளை விரித்து, தலைப்பின் மேல் அதை வைத்து, "ஆச்சி, வாசிங்க பாப்போம்" என்று அத்தையைக் கூப்பிட்டார். அத்தை குனிந்து பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி பார்த்தார். "எனக்குத்தான் ரெண்டு ரெண்டாத் தெரியுதா?" என்றார். எல்லாருக்கும் அப்படித்தான் தெரிந்தது. ஒவ்வோர் எழுத்தும் இரட்டை. கல்லைத் தாளின் மேலேயே மெதுவாகத் திருப்பினார். ஓர் எழுத்து அசையாமல் நிற்க, அதன் ஜோடி மட்டும் அதைச் சுற்றி வந்தது. உள்ளே போகும் ஒளியை அந்தக் கல் இரண்டாகப் பிரித்து, இரண்டையும் வெவ்வேறு வேகத்தில் விடுகிறது, அதனால்தான். என் மகன் அதை வைத்து விளையாட்டுப் பக்கம் முழுவதையும் வாசித்து முடித்தான்.

அடுத்து, அழுக்கு வெள்ளையில் சீனிக்கட்டி மாதிரி மின்னும் ஒரு கல். "இது எந்த ஊரு சொல்லுங்க?" பிள்ளைகள் ஆப்பிரிக்கா வரை போனார்கள். தாழையூத்து. நம் வீட்டிலிருந்து அரை மணி நேரம். அங்கே கிடைக்கும் படிகச் சுண்ணாம்புக்கல்லை வைத்துத்தான் 1949-லிருந்து சிமெண்ட் ஆலை ஓடுகிறது. முதலில் காட்டிய அதே கால்சைட்தான் இதிலும் இருக்கிறது, கோடிக்கணக்கான சின்னப் படிகங்களாக நெருக்கியடித்துக்கொண்டு. ஆணியால் லேசாகச் சுரண்டி, அந்தத் தூளில் எலுமிச்சைச் சாறு ஒரு சொட்டு விட்டார். உற்றுப் பார்த்தால் பொடிப்பொடியாகக் குமிழ் வந்தது. புளிப்பு பட்டதும் சுண்ணாம்புக்கல் கரியமில வாயுவை விடுகிறது. லென்ஸ் இல்லாமல் இது சரியாகத் தெரியாது. சாதாரணக் கைலென்ஸ் ஒன்று வாங்கிப் போங்கள், செல்போனில் பெரிதாக்கிப் பார்ப்பதை விட நூறு மடங்கு நல்லது.

அதோடு கல் கூடம் விளையாட்டுத் திடலாகிவிட்டது. எந்தக் கல் எதைக் கீறும் என்று ஒரு தட்டில் வரிசையாக வைத்திருந்தார். 1812-ல் ஃபிரெட்ரிக் மோஸ் என்ற ஜெர்மானியர் போட்ட வரிசை. ஒன்றாம் எண் எல்லாவற்றிலும் மிருதுவான டால்க், பத்தாம் எண் எல்லாவற்றிலும் கடினமான வைரம். டால்க் நிறைந்த மாக்கல்லைக் கையில் கொடுத்ததும் அத்தை தடவிப் பார்த்து, "கல்சட்டிக் கல்லு" என்று ஒரே நொடியில் சொன்னார். இரண்டாம் எண்ணில் இருக்கும் ஜிப்சத்தை நகத்தால் கீறலாம். மூன்றாவது கால்சைட், நகம் தோற்கும், ஆணி ஜெயிக்கும். ஏழாவது குவார்ட்ஸ், அது கண்ணாடியைக் கீறும், ஆணியால் அதை ஒன்றும் செய்ய முடியாது. தொடாதே என்று எழுதி வைத்த கூடங்களில் பிள்ளைகள் சலித்துப்போவதும் இங்கே சலிக்காததும் இந்த ஒரு தட்டினால்தான். எந்தக் கூடத்துக்குப் போனாலும், தொட்டுப் பார்க்க ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். பல இடங்களில் உள்ளே வைத்திருப்பார்கள், கேட்டால்தான் எடுப்பார்கள்.

எனக்குப் பிடித்தது கார்னெட் பதிந்த பாறை. சாம்பல் நிறப் பாறையில் மாதுளை முத்துக்களை அழுத்திப் பதித்த மாதிரி சிவப்புச் சிவப்பாக. இந்த மாதிரிப் பாறைகள் கோடிக்கணக்கான ஆண்டுகள் மழையில் கரைந்து ஆற்றோடு போய்த்தான் நம் கடற்கரையில் செந்நிற மணலாகக் கிடக்கின்றன. உப்புத்தாள் போலத் தேய்க்கும் தாள்களுக்கும், தண்ணீர் பீய்ச்சி இரும்பை வெட்டும் இயந்திரங்களுக்கும் கார்னெட் பொடி போகிறது. கடற்கரைக்குப் போனால் அதை பாட்டிலில் அள்ளி வரலாமா என்று மகன் கேட்டான். கூடாது. 2013-லிருந்து தமிழ்நாட்டில் தனியார் தாதுமணல் அள்ளத் தடை இருக்கிறது, அதன் கதை பெரிய கதை. ஒரு சிட்டிகை கையில் எடுத்து லென்ஸில் பார்த்துவிட்டு அங்கேயே போட்டுவிடலாம் என்றார் அண்ணாச்சி.

மகாராஷ்டிரத்திலிருந்து கொண்டுவந்த ஜியோலைட் படிகங்கள் ஒரு அலமாரி நிறைய இருந்தன, இளம்பச்சையும் வெள்ளையுமாக. சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் வழிந்து ஆறிய எரிமலைக் குழம்பின் பொந்துகளுக்குள் வளர்ந்தவை. நம் பக்கத்தில் அந்த எரிமலைப் பாறை இல்லை என்பதால் இப்படிப்பட்ட பொந்துப் படிகமும் இங்கே கிடைக்காது. நம் மலைகளின் பாறை அதைவிடப் பல மடங்கு பழையது, பூமிக்கடியில் ஆழத்தில் வெந்து உருமாறியது. பொந்தில் சாவகாசமாக வளர இடம் இருந்தால்தான் கல்லுக்கு முனையும் முகமும் வரும், நெருக்கத்தில் வளர்ந்தால் தாழையூத்துக் கல் மாதிரி குறுணையாகிவிடும்.

இருட்டறை ஒன்றும் உண்டு. புற ஊதா விளக்கைப் போட்டால் சில கற்கள் ஒளிரும். கர்நாடகத்து முரட்டு மாணிக்கக் கல் ஒன்று, பகலில் பார்த்தால் மங்கிய கருஞ்சிவப்பு, அங்கே தணலாகச் சிவந்தது, அதில் இருக்கும் குரோமியத்தினால். சின்னவன் கதவைச் சாத்தியதும் அலறிவிட்டான். ஓரகத்தி அவனைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விட்டு, அப்புறம் தனியாக வந்து பார்த்தாள். கைப்பிள்ளை இருந்தால் இப்படி இரண்டு தவணையாகப் பார்ப்பதற்கு நேரம் ஒதுக்குங்கள். விளக்கை நேராகப் பார்க்க வேண்டாம் என்று பிள்ளைகளுக்கு உள்ளே போகும் முன்னரே சொல்லிவிட வேண்டும்.

கூடத்தைப் பற்றிப் பேசும்போது கடையைப் பற்றியும் சொல்ல வேண்டும். அண்ணாச்சி எதையும் விற்பதில்லை. ஆனால் முன்பு வேறு ஓர் ஊரில் இப்படி ஒரு கண்காட்சிக்குப் போனபோது, வெளியே வரும் வழியே கடை வழியாகத்தான் இருந்தது. இந்த வளையல் போட்டால் சுகர் குறையும், அந்தக் கல்லைத் தலைமாட்டில் வைத்தால் படிப்பு வரும் என்று அத்தையையும் பிள்ளைகளையும் பிடித்துக்கொண்டார்கள். கல்லுக்கு அப்படி ஒரு குணமும் இல்லை. அழகுக்கு வாங்கினால் வாங்குங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள். கண்ணைப் பறிக்கும் ரோஸ், நீல நிற அகேட் வில்லைகளில் பல சாயம் ஏற்றியவை. ஸ்படிக மாலை என்று கண்ணாடி மணியையும் விற்பார்கள். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கண்ணாடிக்குள் உருண்டையான காற்றுக் குமிழி தெரியலாம், நிஜ ஸ்படிகத்தில் அப்படி இருக்காது. கன்னத்தில் வைத்தால் ஸ்படிகம் கண்ணாடியை விட அதிக நேரம் ஜில்லென்றிருக்கும். அத்தையின் மாலையை அண்ணாச்சி இரண்டு விதத்திலும் பார்த்துவிட்டு, "நிஜந்தான் ஆச்சி" என்றார். அதற்கப்புறம் அத்தை பேச்சில் ஒரு தெம்பு. பிள்ளைகளுக்குக் கடைக்காசு எவ்வளவு என்று வண்டியில் ஏறும்போதே சொல்லிவிடுவது நல்லது. கடை வாசலில் பேரம் பேசினால் நாம்தான் தோற்போம்.

மதியச் சாப்பாடு அங்கேயே சொல்லியிருந்தோம். முருங்கைக்கீரை போட்ட கூட்டாஞ்சோறு, அப்பளம், மோர். சுகர்காரர் இருக்கும் வீட்டில் சாப்பாட்டு நேரத்தை மற்றவர் கையில் முழுதாக விடக்கூடாது. பன்னிரண்டரை என்று சொன்னது ஒன்றேகால் ஆயிற்று, தோட்டத்துச் சமையலில் அது சகஜம். அத்தைக்கு என்று கையில் ஒரு டப்பா தயிர்சாதம் இருந்தது, அதனால் யாரும் சமையல்கட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. சாப்பிட்டதும் கிட்டங்கித் திண்ணையில் பாயை விரித்து அத்தையும் சின்னவனும் தூங்கினார்கள். நாங்களும்தான். நிகழ்ச்சி நிரலில் இந்த ஒன்றரை மணி நேரத்தை வெட்டி நேரம் என்று நினைத்து வேறு எதையாவது செருகினால் மாலையில் எல்லாரும் சண்டை போடுவீர்கள்.

செருகச் சொல்லி ஆசைகாட்ட ஆள் இருந்தது. "பக்கத்துலதான் தலையணை அணைக்கட்டு, ஒரு எட்டு பாத்துட்டு வந்துரலாம்" என்றார் கொழுந்தன். "கூந்தன்குளத்துல வெளிநாட்டுப் பறவையெல்லாம் வந்திருக்குமே" என்றார் என் கணவர். இரண்டும் நல்ல இடங்கள். தலையணை புலிகள் காப்பகத்துக்குள் இருக்கிறது, வனத்துறை அனுமதித்த நேரத்தில்தான் விடுவார்கள், சில நாட்களில் மூடியும் வைப்பார்கள். கூந்தன்குளத்துக்கு விடியற்காலை போனால்தான் போனமாதிரி. இரண்டுக்கும் வேறு நாள் வைத்துக்கொள்ளலாம் என்று பேச்சை முடித்தேன்.

மாலைக்கு ஒரே இடம், அது அத்தைக்காக: திருக்குறுங்குடி நம்பி கோயில். மதியம் நடை சாத்தி மாலையில்தான் திறப்பார்கள், அதனால் நாலு மணிக்குக் கிளம்பியது சரியாக இருந்தது. காலையிலிருந்து எங்களோடு பொறுமையாக வந்தவர், அங்கே எங்களுக்கு முன்னால் நடந்தார். பிள்ளைகள் ஒவ்வொரு தூணிலும் கார்னெட் தேடினார்கள். கோயில் தூணில் ஆணி வைக்கக் கூடாது என்று இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு பிள்ளைகளுக்கு வேலை வைக்க ஆசைப்பட்டால், படிகாரம் போதும். நாட்டு மருந்துக் கடையில் வெள்ளைப் படிகாரம் வாங்கிப் பொடித்து, வெந்நீரில் இனிக் கரையாது என்கிற வரை கரைத்து, துணியில் வடிகட்டி, தட்டில் கொஞ்சம் ஊற்றி வையுங்கள். ஓரிரு நாளில் அடியில் சின்னப் படிகங்கள் தங்கும். அதில் நல்ல வடிவாக இருக்கும் ஒன்றை மெல்லிய நூலில் கட்டி, மீதிக் கரைசல் நன்றாக ஆறிய பிறகு அதற்குள் தொங்க விட வேண்டும். சூடாக இருக்கும்போது விட்டால் கட்டிய படிகமும் கரைந்துபோகும். பாட்டில் வாயைத் துணியால் மூடி, யாரும் தொடாத இடத்தில் வையுங்கள், ஃப்ரிட்ஜில் வேண்டாம். சட்டென்று குளிர்ந்தால் பொடிப்பொடியாகச் சேரும், மெதுவாக வற்றினால்தான் எட்டு முகமும் தெளிவாக வரும். சின்னவர்கள் வாயில் வைக்காத உயரத்தில் இருக்கட்டும். எங்கள் வீட்டில் அது டிவி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. சென்னையில் ஓரகத்தி சமையலறை ஜன்னலில் வைத்து, வெயில் பட்டு மேலே ஓடு கட்டிவிட்டது என்று போன் செய்தாள். ஓட்டை எடுத்துவிட்டு, மறுபடி வடிகட்டி, நிழலில் வைக்கச் சொல்லியிருக்கிறேன்.